தங்கை குடியிருந்த காடு

என் தங்கையின் கணவர் முதன்முதலில் பெண் பார்க்க வந்தது என்னைத்தான். இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அறுபதுகளின் பின்பாதி. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் வீடு. அப்பா கணக்கு வாத்தியார். அம்மா ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்வாள். நான் தாவரவியலில் பட்டம் வாங்கி, பி.டி.யும் முடித்து, ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என்னைவிட ஐந்து வயது சின்னவளான தங்கை திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

சபைப் போதகர் மூலமாக அந்த இடம் வந்தது. மாப்பிள்ளைக்குக் காட்டு இலாகாவில் ரேஞ்சர் வேலை. ஏதோ ஒரு மலையிலிருந்து இறங்கி, இரண்டு பஸ் மாறி, ரயில் பிடித்து நேராக வந்திருந்தார். நல்ல சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே பேண்ட் முழுக்க ஒட்டுப்புல். உட்கார்ந்த பிறகுதான் அவரே அதைக் கவனித்தார். பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எங்கள் தரையில் போடாமல், கைக்குட்டையில் சேர்த்து வைத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க இருக்கிற இடத்துல ரேடியோ எடுக்குமா?" என்று கேட்டேன்.

"எடுக்காதுங்க. மழைக்காலத்துல தபாலே வராது," என்றார் அவர். கொஞ்சம் மறைத்துச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் போனதும் அப்பாவிடம் சொன்னேன்: "காட்டுக்குள்ள போய் என்னால குடித்தனம் பண்ண முடியாதுப்பா. இவ்வளவு படிச்சது குரங்குக்குப் பாடம் நடத்தவா?" அப்பா வற்புறுத்தவில்லை. பெண்ணுக்கு இன்னும் மேலே படிக்க ஆசை என்று போதகரிடம் சொல்லி அனுப்பினார். தங்கைக்கு இது எதுவும் எழுதப்படவில்லை. வந்து போன வரனைப் பற்றியெல்லாம் ஹாஸ்டலுக்கு எழுதுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, வேலூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அவர் என் தங்கையைப் பார்த்தார். யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து, பழையதை மறைக்காமல் அப்பாவுக்கே கடிதம் எழுதினார். அப்பா கடிதத்தை என்னிடம் கொடுத்தார். படித்து முடிக்கும் வரை எதிரே நின்றார்.

"உனக்கு மனக்கஷ்டம் எதுவும் இல்லையேம்மா?"

"எனக்கென்ன கஷ்டம்? தாராளமா செய்யுங்க," என்றேன். அந்த நிமிஷத்தில் அது உண்மைதான்.

கல்யாணத்தன்று தேவாலயத்தில் தங்கைக்குப் பின்னால் நின்று முக்காட்டை நான்தான் சரிசெய்தேன். மூத்தவள் இருக்க இளையவளுக்கு முந்திக்கொண்டு நடக்கிறதே என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதுகூட என்னைப் பெரிதாகத் தொடவில்லை. பாவம், என் தங்கை தபால் வராத இடத்துக்குப் போகிறாளே என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். பல்லி விழுந்தால் தெருவே கேட்கும்படி கத்துகிறவள் அவள்.

எனக்கு அதற்குப் பிறகும் இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று நாங்கள் வேண்டாம் என்றோம், மற்றது அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

எழுபதுகள் தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அவருக்குக் கிண்டிக்கு மாற்றல் வந்தது. கிண்டிக் காடு அப்போது தேசியப் பூங்காவாகவில்லை. காப்புக் காடுதான். ஜனங்கள் மான் பூங்கா என்பார்கள். ரோட்டோரமாக இருக்கிற சிறுவர் பூங்காவோடு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு முழுக் காடு இருக்கிறது என்று தாம்பரத்தில் இருபது வருஷம் வாழ்ந்த எனக்கே தெரியாது. ரேஞ்சருக்கு உள்ளேயே வீடு கொடுத்திருந்தார்கள்.

முதல் தடவை போனபோது ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கேட்டில் இருந்த காவலாளி என் குடையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, யார் வோணும்?"

"ரேஞ்சர் வீட்டுக்குப் போகணும். அவர் சம்சாரத்தோட அக்கா நான்."

"அட, அம்மாவோட அக்காவா! நேராப் போ. வூடு உள்ள கீது. மான் நின்னுகினு இருந்தா பயப்படாத, அதுவே பூடும்."

அம்மாவோட அக்கா. இருபத்து மூன்று வயதில் என் தங்கை அங்கே அம்மா ஆகியிருந்தாள்.

நடந்தேன். நூறடிக்குள் ரோட்டுச் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள் உயரமில்லை. ஆனால் இலைகள் கெட்டியாக, கரும்பச்சையாக, எண்ணெய் தடவினதுபோல இருந்தன. கிளைகள் மேலே கை கோத்துக்கொண்டு வெயிலைச் சல்லடையில் சலித்து விட்டன. மண்ணிலிருந்து ஈர வாசனை. தூரத்தில் புள்ளிமான் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. முதுகில் வழிந்துகொண்டிருந்த வேர்வை வீடு போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிட்டது.

தங்கை வெறுங்காலோடு ஓடி வந்தாள். "அக்கா! பயந்துட்டியா?" என்று என் கையைப் பிடித்தாள். கறுத்திருந்தாள். கையெல்லாம் முள் கீறல். அவளைப் பார்த்ததும் என் மனத்தில் தோன்றியது சந்தோஷம் இல்லை. இவள் எப்போது இவ்வளவு அழகானாள் என்று தோன்றியது.

சாப்பிட்டதும் மூன்று பேரும் நடக்கப் போனோம். அவர் முன்னால், தங்கை நடுவில், நான் கடைசியில். அவர் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட வயதில் பெரியவர், அக்கா என்று சொல்ல வாய் வந்திருக்காது. நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேன். எப்போதும் வாக்கியத்தை நடுவிலிருந்தே ஆரம்பிப்பேன்.

"மழைக்காடுன்னா மேற்கு மலையில இருக்கே, வானம் தெரியாத காடு, அதைச் சொல்வாங்க," என்றார் அவர். "இதுவும் அந்த வம்சம்தான் டீச்சர். மழை கம்மியா பெய்ற கடலோரத்துல வளர்ந்ததால குட்டையா நின்னுபோச்சு. இலையை மட்டும் வருஷம் பூரா விடாது. மழைக்காட்டோட தங்கச்சின்னு வச்சுக்குங்க."

"சின்னவதான், ஆனா கெட்டிக்காரி," என்றாள் என் தங்கை. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. இது காரை, இது களா, கார்த்திகையில் வந்தால் பழம் இருக்கும். இது சூரை, புடவையைப் பிடித்தால் இழுக்காதே, பின்னால் ஒரு அடி வை, தானாக விடும். ஓரிடத்தில் நின்றாள். ஒரு புதர்மரத்தின் கிளைகளில் நீலமாக, மயில் கழுத்து நிறத்தில், கணுவுக்குக் கணு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. "காயா" என்றாள். காயாம்பூ என்ற பெயரைப் பள்ளி நாளிலிருந்து செய்யுள்களில் படித்திருக்கிறேன். அதன் லத்தீன் பெயரைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பூவை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதையும் பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்திய என் தங்கை காட்டித்தான் பார்த்தேன்.

அங்கேதான் அது ஆரம்பித்தது.

பொறாமை என்றால் பெரிய விஷயங்களின் மேல்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்ததெல்லாம் சில்லறையான பொறாமை. மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கடற்காற்று அவள் வீட்டு ஜன்னலைத் தட்டும். அதே காற்று தாம்பரத்துக்கு வந்து சேர நாலு மணியாகும், வரும்போதே களைத்திருக்கும். அந்தக் காற்றின் மேல் பொறாமை. அவள் சமையலறை வாசலில் வந்து நிற்கிற பெண்மான் மேல். அவள் வெறுங்காலோடு நடப்பதன் மேல். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவள் இலைகளை ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பெயர்களில் சில அவர் கையெழுத்தில் இருந்தன. அதன் மேல் சொல்ல முடியாத பொறாமை.

ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. குறுகலான பாதைகளில் முள்கிளை குறுக்கே வந்தால் அவர் அதைப் பிடித்துத் தூக்கி, நான் தாண்டும் வரை காத்திருப்பார். "பார்த்து வாங்க டீச்சர்." தங்கைக்காக ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. அவள் பேச்சை நிறுத்தாமலே குனிந்து போய்விடுவாள். மற்றவர்கள் பார்த்தால் எனக்குத்தான் மரியாதை அதிகம் என்பார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. கிளை பிடிக்கப்படுவது விருந்தாளிக்கு. பிடிக்கத் தேவையில்லாதவள் வீட்டுக்காரி. ஒருநாள் வேண்டுமென்றே அவர் பிடிப்பதற்கு முன்னால் நானே குனிந்து நுழையப் பார்த்தேன். சூரைமுள் கொண்டையில் மாட்டிக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒவ்வொரு முடியாக விடுவித்தார்கள். பத்து நிமிஷம் அசையாமல் நின்றேன், கண்ணில் தண்ணீர் முட்டியது. முள் குத்தியதற்கு என்று நினைத்தார்கள்.

அவர் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அது உண்மைதான் என்று நம்புகிறேன். எனக்கு வேண்டியிருந்தது அவர் இல்லை. நான் சிரித்துத் தள்ளிவிட்ட ஒரு வாழ்க்கை இவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆத்திரம்.

என்றாலும் போவதை நிறுத்தவில்லை. தங்கை மாசம் ஒரு கார்டு போடுவாள், "அக்கா, சனிக்கிழமை வா" என்று. நானும் மின்சார ரயிலேறிப் போவேன். திரும்பி வந்து அம்மாவிடம், "என்ன வீடு அது, ஓட்டு மேல பாம்புச் சட்டை கிடக்கு," என்று குறை சொல்வேன்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போகலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னபோது, நான் முந்திக்கொண்டு கிண்டிக் காட்டைச் சொன்னேன். என் சொந்தக்காரர் அங்கே ரேஞ்சர் என்று பெருமையாகவே சொன்னேன். இரண்டு வாரம் தயார் செய்தேன். எந்தப் பாதை, எந்த மரம், எங்கே நின்று எதைச் சொல்ல வேண்டும் என்று எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன். அன்றைக்கு நான்தான் நடத்துவேன் என்று தங்கைக்குக் கார்டு போட்டேன். "சரி அக்கா, நான் பின்னால வரேன்" என்று பதில் வந்தது.

முப்பது பெண்கள். பச்சைத் தாவணி, இரட்டைச் சடை. மார்கழிக் குளிர் இன்னும் விடாத காலை. அவர்தான் கேட்டில் வந்து, சத்தம் போடக்கூடாது, வரிசை கலையக்கூடாது என்று இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு, "இனிமே டீச்சர் பாத்துக்குவாங்க," என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முதல் அரை மணி நன்றாகப் போனது. களா, காரை, காயா எல்லாம் சரியாகச் சொன்னேன். குளக்கரை தாண்டி, கரும்பச்சை இலையோடு நின்ற ஒரு மரத்தருகே பிள்ளைகளை வட்டமாக நிறுத்தினேன்.

"இது வீரை. இந்தக் கடலோரக் காட்டுக்கே உரிய மரம். இலையைப் பாருங்க, எவ்வளவு கெட்டி. தண்ணியை வீணாக்காம இருக்கத்தான் இப்படி."

முப்பது நோட்டிலும் வீரை என்று ஏறியது. பின்னால் நின்ற தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். ஆனால் ஒரு துடுக்கான பெண் அவளைப் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி எதுவோ சொல்ல வராங்க டீச்சர்," என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் தங்கை.

"சொல்லு, பரவாயில்ல," என்றேன். சொல்ல மாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் தயங்கினாள். பிறகு ஒரு இலையைப் பறித்துக் கசக்கி அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். "மோந்து பாரு. என்ன வாசனை?"

"எலுமிச்சம்பழம்!"

"காட்டு எலுமிச்சை. வீரைக்கும் இதுக்கும் எட்ட நின்னு பாத்தா வித்தியாசமே தெரியாது. எனக்கே ஆறு மாசம் குழப்பம். அக்கா சொன்ன வீரை அதோ, பக்கத்துல இருக்கு பாரு."

எனக்கு வழி விட்டுத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம். முப்பது பேரும் இலைக்காக அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஆன்ட்டி எனக்கு, ஆன்ட்டி எனக்கு என்று கைகள் நீண்டன. ஒருத்தி கீழே குனிந்து நோட்டில் வீரையை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதுவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு மிச்ச தூரம் முழுக்க என் தங்கைதான் நடத்தினாள். நான் கடைசியில், யாரும் தவறிவிடாமல் தலை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் பிள்ளைகள் மரத்தடியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுப் பின்பக்கம் குடத்தில் தண்ணீர் எடுக்கப் போனாள். நான் பின்னாலேயே போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"என் பிள்ளைங்க முன்னாடி என்னை அசடாக்கணும்னு எத்தனை நாளா காத்திருந்தே?"

அவள் திரும்பினாள். "அக்கா, நீதானே சொல்லச் சொன்னே?"

"இந்த இலை, மரம், மான் எல்லாம் உனக்கு எங்கேர்ந்து வந்துது? நான் வேண்டாம்னு விட்டதால வந்துது. அவர் முதல்ல பெண் பார்க்க வந்தது என்னை. தெரியுமா உனக்கு?"

சொல்லிவிட்டேன். அவள் முகம் எப்படி மாறப்போகிறது என்று பார்க்க ஒரு ஆவல் எனக்குள் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

முகம் மாறவே இல்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

"யார் சொன்னது?"

"அவர்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு எழுதினார். நீ ரேடியோ எடுக்குமான்னு கேட்டது வரைக்கும்."

"அப்போ இத்தனை நாளும் தெரிஞ்சும்தான் என்னைக் கூப்பிட்டியா? பாவம், ஒத்தையா இருக்காளேன்னு?"

"நீ என் அக்கான்னு கூப்பிட்டேன்." அப்போதுதான் அவள் குரல் தழுதழுத்தது. "உனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு தெரியாத மாதிரியே இருந்தேன். அவரையும் அப்படியே இருக்கச் சொன்னேன். நீ என்னடான்னா என்னிக்காவது என் தலையில போடலாம்னு அதைப் பத்திரமா வச்சிருந்திருக்கே. வேண்டாம்னு சொன்னது நீ. யாரும் உன்கிட்டேர்ந்து பிடுங்கல."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகளுக்கு அவளே தண்ணீர் ஊற்றினாள். சிரித்துப் பேசிக்கொண்டேதான் ஊற்றினாள்.

திரும்பும்போது ரயிலில் பிள்ளைகள் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். எலுமிச்சை வாசனை இன்னும் போகவில்லையாம். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல்லாவரம் மலை தாண்டும் வரை எனக்கு அவள் மேல் கோபமாக இருந்தது. குரோம்பேட்டையில் வெட்கம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டும் சேர்ந்து இருந்தன.

அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. அம்மா, "என்னடி, கிண்டிக்கே போறதில்ல நீ?" என்று கேட்டால் பரீட்சைப் பேப்பர் இருக்கிறது என்பேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு இருவரும் தாம்பரத்துக்கு வந்தார்கள். தங்கை எனக்குப் புடவை கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாம் எப்போதும்போலத்தான். ஆனால் கிளம்பும்போது அப்பாவிடம் "வீட்டுக்கு வாங்கப்பா" என்றாள், அம்மாவிடம் "வாம்மா" என்றாள். என்னிடம், "வரேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மே மாசம் அவருக்குத் திருநெல்வேலிப் பக்கத்து மலைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான் கட்ட உதவி செய்ய அம்மா என்னை அனுப்பினாள். இரண்டு நாள் பாத்திரத்துக்கு வைக்கோல் சுற்றினோம். அவசியமானதை மட்டும் பேசினோம். கடைசியாகப் புத்தகங்களைக் கட்டும்போது அந்த இலை நோட்டு என் கையில் வந்தது.

"இதை எனக்குத் தர்றியா?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அப்படிக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல அக்கா. இது எனக்கு வேணும்," என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

அந்த மறுப்பு எனக்கு நல்லது செய்தது. நோட்டை அவள் கொடுத்திருந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பேன். கொடுக்காததால் ரோஷம் வந்தது. அவளுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியக்கூடாது? ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் ஒரு புது நோட்டு வாங்கினேன். நூலகத்திலிருந்து தாவரங்களைப் பற்றிய ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய கல்லூரியை ஒட்டியிருக்கும் புதர்க்காட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைந்துவிடுவேன். லீவு நாட்களில் வண்டலூர்க் காட்டு ஓரம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையும் பூதக்கண்ணாடியுமாக அலைகிற சயன்ஸ் டீச்சரைப் பார்த்து ஆடு மேய்க்கிற பெண்கள் சிரித்தார்கள். கண்ட இலையையெல்லாம் கசக்கி முகர்ந்தேன். சிலது கை அரித்தது. ஒரு தடவை நல்ல பாம்பு குறுக்கே போனது. அது போகும் வரை நின்றேன். ஓடவில்லை.

பக்தியோ, இயற்கை மேல் காதலோ என்னை அங்கே நடத்தவில்லை. முதல் ஒரு வருஷம் ஒவ்வொரு மரத்தின் கீழும் என் தங்கை எனக்கு முன்னால் வந்து நிற்பதாகவே நினைத்துக்கொள்வேன். இது தெரியுமா உனக்கு, அது தெரியுமா உனக்கு என்று மனத்துக்குள் அவளோடு மல்லுக்கு நிற்பேன். பிறகு எப்போதோ மல்லு குறைந்து மரம் மட்டும் மிஞ்சியது. அவளுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன், நான் பேசியது தப்பு என்று. பதிலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே அட்டை எப்படிக் கடிக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கடைசி வரியில் மட்டும், "லீவுக்கு வா" என்று இருந்தது. படித்துவிட்டு அழுதேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் கிண்டிக் காட்டைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். உள்ளே போக முறையாக அனுமதி வாங்க வேண்டும் என்றானது. நான் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை பள்ளிப் பிள்ளைகளோடு மனுப் போட்டுப் போய் வந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு வருஷம் மாசியில் தங்கையும் அவள் கணவரும் ஏதோ அலுவலாக ஒரு வாரம் சென்னைக்கு வந்தார்கள். ஒருநாள் காலை மூன்று பேருமாகக் காட்டுக்குப் போனோம்.

கேட்டில் புதுக் காவலாளி. தங்கையை அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்குப் பசங்க யாரையும் காணோம்? இவங்கல்லாம் விருந்தாளிங்களா?"

"ஆமாம்பா, விருந்தாளிங்க," என்றாள் என் தங்கை, எனக்கு முன்னால். எனக்கு அது இனித்தது. இல்லை என்று சொல்லி என்ன பயன்?

இந்தத் தடவை நான் முன்னால் போனேன். அவர்கள் இருந்த காலத்தில் நாங்கள் சேர்ந்து போயே இராத ஒரு பக்கமாக, கிழக்கே இருக்கிற மேட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு மரம் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, மொட்டைக் கிளைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. தேன் வாசனை எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஒரே தேனீச் சத்தம். தங்கை அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணவரிடம் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது என்ன மரம் அக்கா?"

"அழிஞ்சில்."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது? பூ இல்லாதப்போ?"

"கிளைக் கணுவில முள்ளு மாதிரி கூரா இருக்கும் பாரு. இலை உதிர்ந்த காலத்துலதான் பூக்கும்."

"எனக்கு இது தெரியவே தெரியாது," என்றாள் அவள், குழந்தைபோல. கைப்பையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, என் முதுகில் வைத்து எழுதிக்கொண்டாள். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் என்னிடம் கேட்டாள். சிறப்பு ழவா, கடைசியில் சின்ன லவா என்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சமும் கஷ்டமில்லை. நான் முந்திவிட்டேன் என்று அவள் மனத்தில் ஒரு முள்ளும் குத்தவில்லை. அவள் பேனா என் முதுகில் நகர்ந்துகொண்டிருக்க, அசையாமல் நின்றேன். ஐந்தாறு வருஷம் முள்ளில் நடந்து நான் சம்பாதித்த எல்லாவற்றையும்விட அவளிடம் இருக்கிற இது பெரிது என்று தெரிந்தது. அவளைப் பார்த்து எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.

"எழுதிட்டேன்," என்றாள். "அடுத்தது காட்டு."

நான் அடுத்த மரத்துக்கு நடந்தேன்.